தமுக்கடித்துச் சொன்ன வார்த்தை

ஏழுமலைக்கு,

உன் கார்டு கிடைத்தது. மல்லிகா அதை மூன்று தடவை படித்துக் காட்டினாள். ஆனி மாதம் அம்பத்தூரிலேயே கல்யாணம், பெண் அங்கே தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், நீங்கள் மூன்று பேரும் முந்தின நாளே வந்துவிடுங்கள், நான் ஊருக்கு வரவில்லை, ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டாம், முக்கியமாகத் தேவராசுக்குச் சொல்ல வேண்டாம். இதுதான் கார்டில் இருந்தது. உங்கம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள், கேட்டுவிட்டு அழுதாள், அழுதுவிட்டுச் சிரித்தாள். நான் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் இத்தனை தாள்.

எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை மல்லிகா எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் நன்றாக இருக்காது என்று, பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி மாற்றி எழுதுகிறாள். திரும்பப் படித்துக் காட்டும்போது யாரோ படித்த மனுஷன் பேசுகிறது போல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் விஷயம் முழுக்க என்னுடையது. இதில் அவளுக்கும் தெரியாதது இருக்கிறது. அவளுக்குப் பதினேழு வயதாகிறது, வெளி ஆள் வந்தால் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறாள். அவளை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. இருந்தாலும் வேறு யாரை எழுதச் சொல்வேன்?

நம் வீட்டுக்கு வந்த முறை உனக்குத் தெரியும். ஊருக்கு எந்தச் சேதி சொல்வதென்றாலும் நம் வீட்டு ஆள்தான் தமுக்கு அடிக்க வேண்டும், வேறு கை அதைத் தொடாது. வரி கட்டச் சொல்வது, மதகு திறப்பது, ஏரியில் மீன் ஏலம், அம்மை ஊசி போட டாக்டர் வருவது, எல்லாம் என் வாயால் போனதுதான். நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு தடவை, வெள்ளிக்கிழமை மதகு திறப்பதாகச் சொல்லச் சொன்னதை நான் வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டேன். கள் குடித்திருந்தேன் என்று உங்கம்மா இன்றைக்கும் சொல்வாள், குடிக்கவில்லை. மணியக்காரர் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். ஆனால் வியாழக்கிழமையே மதகைத் திறந்தார்கள். "தமுக்கடிச்சாச்சு, இனிமே இன்னா பண்றது" என்று அவரே சொன்னார். தமுக்கடித்துச் சொன்னதை மாற்ற வேண்டுமென்றால், அதே ஆள் அதே தெருக்களில் மறுபடி அடித்து மாற்றிச் சொல்ல வேண்டும். அதற்குள் எல்லோரும் வாய்க்காலை வெட்டி வைத்துவிட்டார்கள். அன்றைக்கு நாம் வீட்டில் சிரித்த சிரிப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். பெரிய ஆட்கள் எல்லாம் என் தப்புக்குக் கட்டுப்பட்டார்கள் என்று உங்கம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கடைசியில் மறுபடி சொல்கிறேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரிந்ததுதான். நம் காலனி ஆட்கள் சைக்கிளில் வந்தால், ஊர்த் தெரு தொடங்குகிற பிள்ளையார் கோயில் முனையில் இறங்கி, மடித்துக் கட்டின வேட்டியை அவிழ்த்து விட்டு, தெரு முடிகிற வரைக்கும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எழுதி வைத்த சட்டம் இல்லை. யாரும் நின்று பார்த்துக்கொண்டிருப்பதும் இல்லை. கால் தானாகவே இறங்கிவிடும். உனக்குப் பத்து வயது இருக்கும்போது வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு, மணி அடித்தபடி அந்தத் தெருவுக்குள்ளேயே ஓட்டி வந்தாய். நான் களத்துமேட்டிலிருந்து வந்துகொண்டிருந்தேன். ஒருவரும் உன்னை ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் நான் ஓடிவந்து உன்னைக் கன்னத்தில் அடித்தேன். நீ சைக்கிளோடு விழுந்தாய். "ஏம்பா கொயந்தய போட்டு இப்டி அடிக்கிற" என்று கேட்டது அந்தத் தெருவில் இருந்த ஒரு அம்மாள்தான். அதற்குப் பிறகு, நான் பின்னால் சொல்லப்போகிற அந்த ஒரு நாளைத் தவிர, நீ ஒரு தடவைகூட அந்தத் தெருவில் இறங்கித் தள்ளவில்லை. உத்திரமேரூர் போவதென்றால் கழனி வரப்பில் சுற்றிக்கொண்டு போனாய். மழைக்காலத்தில் முழங்கால் சேற்றில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுகூடப் போனாய். நான் அதைத் திமிர் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

நீ தேவராசுவின் சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் வேண்டாம் என்றேன். அவர் நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பிள்ளை, இன்றைக்குத் தோளில் கை போடுவார், நாளைக்கு அவர் ஜாதிசனம் கேட்டால் கையை எடுத்துவிடுவார் என்று சொன்னேன். நீ கேட்கவில்லை. அவர் உன்னைவிட இரண்டு வயது பெரியவர், நீ அவரைத் தேவா என்று கூப்பிடுவாய், யார் காதிலாவது விழுந்ததா என்று நான் சுற்றிப் பார்ப்பேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டே நீங்கள் இரண்டு பேரும் பேசிப் பேசித்தானே அந்த ஓட்டப் பாதை வந்தது. அந்த வருஷம் மாசியிலேயே ஏரி வற்றி, உள்ளே வெடிப்பு விட்டுக் கிடந்தது. ஏரிக்குள் மண் யாருக்கும் சொந்தமில்லை, ஊர் மாடும் காலனி மாடும் அங்கே ஒன்றாகத்தான் மேயும். அங்கே வட்டமாக ஒரு பாதை போட்டு சைக்கிள் ஓட்டப் பந்தயம் வைத்தால் காஞ்சிபுரத்திலிருந்தெல்லாம் ஆள் வரும் என்றார் தேவராசு. வளைவில் வெளிப்பக்கம் உயரமாகவும் உள்பக்கம் தாழ்வாகவும் மண்ணைச் சாய்த்துப் போட்டால் வேகம் குறையாது என்று எங்கோ படத்தில் பார்த்ததை மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார்.

முதலில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. "ஏரில தண்ணி ஓடும், சைக்கிள் எங்கயாச்சும் ஓடுமா" என்று கேலி பேசினார்கள். நீங்கள் இரண்டு பேரும் சாயங்காலம் சாயங்காலம் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டீர்கள். உழவு மாடு வைத்திருந்தவர்கள் பரம்பு கொண்டுவந்து ஓட்டி மண்ணைச் சமன் செய்தார்கள். நம் ஆட்கள் வண்டல் வெட்டி, பெண்கள் கூடையில் சுமந்து வளைவில் கொட்டினார்கள். கொட்டின மண்ணின் மேல் மாட்டை நடக்கவிட்டு இறுக்கினோம். பத்து நாளில் ஊர்க்காரப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் அதே வட்டத்தில் ஒருவனை ஒருவன் முந்திக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார்கள். மண்ணில் விழுந்து எழுந்தவன் எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. அங்கே யாரும் எங்கேயும் இறங்க வேண்டியதில்லை. சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்து நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை.

பந்தயத்துக்குத் தண்டோரா போடச் சொன்னார்கள். ஊர்க் கூட்டத்தில் பேசி முடிவு செய்த வார்த்தைகளைத் தேவராசு எனக்கு மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார். மல்லிகா அதையே நோட்டுத் தாளில் எழுதி, ராஜகுளம் வரைக்கும் பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் ஒட்டச் சொல்லிக் கொடுத்தாள். நான் எட்டு ஊருக்கு நடந்தேன். "இதனால ஜனங்களுக்குத் தெரியப்படுத்துறது இன்னான்னா, வர்ற ஞாயித்துக்கெழம ஏரிக்குள்ள சைக்கிள் பந்தயம், யாரு வேணா ஓட்லாம், யாரு ஜெயிச்சாலும் மால போட்டு சைக்கிள்லயே நாலு தெருவும் சுத்திக் கூட்டிக்கினு வருவாங்க." இதைத்தான் சொன்னேன். எட்டு ஊரில், எத்தனை முனையில் சொன்னேனோ, கணக்கில்லை. சொன்ன வாய் என்னுடையது. ஒரு தடவைகூட அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவில்லை. கூட்டத்தில் அதை முடிவு செய்தவர்களும் யோசித்திருக்க மாட்டார்கள். ஜெயிக்கிறவன் அவர்கள் பிள்ளை, இல்லையென்றால் வெளியூர்ப் பிள்ளை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அந்த ஓட்டத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ பார்க்காததை நான் பார்த்தேன். தேவராசுவின் சைக்கிளில் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஹேண்டில்பாரைக் கீழே திருப்பிப் போட்டு நீ வந்து நின்றபோது, உரித்த கோழி மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். ஒன்பதாவது சுற்று வரைக்கும் ஐயங்கார்குளத்துப் பையன்தான் முன்னால். கடைசிச் சுற்றில் எல்லோரும் உள்பக்கத்தை ஒட்டிக்கொண்டு பிரேக் பிடித்தபோது நீ மட்டும் மேட்டின் உச்சிக்கு ஏறி, பிரேக்கைத் தொடாமல் அங்கிருந்து சரிந்து வந்தாய். ஏரிக்கரை முழுக்க எழுந்து நின்றது. "யார் வூட்டுப் புள்ளடா இது, இன்னா ஓட்டு ஓட்றான்!" என்று என் பக்கத்தில் ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "எம்புள்ளைங்க" என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் ஓட்னான்" என்றார். அவர் குரல் இறங்கியதை நான் கவனித்தேன். அப்போதே என் பயம் ஆரம்பித்துவிட்டது.

மாலை போட்டார்கள். தேவராசுதான் போட்டார். உன்னை சைக்கிளில் உட்காரவைத்து, முன்னால் அவர் கைதட்டிக்கொண்டு நடக்க, பின்னால் கூட்டம். நான் தமுக்கை அடித்துக்கொண்டு உன் பக்கத்தில் வந்தேன். பிள்ளையார் கோயில் முனை வந்தது. தேவராசு திரும்பிப் பார்க்காமல் தெருவுக்குள் போய்விட்டார், வழியில் நின்ற மாட்டு வண்டியை ஒதுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றிருந்தார்கள். மணியக்காரரும் நின்றிருந்தார். இப்போது நான் சொல்லப்போவதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. அங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. யாரும் கண் காட்டவில்லை, கை நீட்டவில்லை, கனைக்கக்கூட இல்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். ஒருவேளை இன்னும் நாலு அடி போயிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒருவேளை சொல்லாமலும் இருந்திருப்பார்கள். அது என்ன ஆகியிருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அதற்குள் நான் தமுக்குக் குச்சியை இடுப்பில் செருகிவிட்டு உன் ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டேன்.

"எறங்குடா" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். "நீதான நைனா சொன்ன, சைக்கிள்லயேன்னு" என்றாய். "எறங்குடான்றேன்" என்றேன். நீ இறங்கினாய். மாலையோடு நாலு தெருவும் தள்ளிக்கொண்டு வந்தாய். தேவராசு திரும்பிப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "ஏன் எறங்கிட்டான்?" என்று கேட்டபோது, "கால் புடிச்சுக்கிச்சாம் சின்னய்யா, அவனேதான் எறங்கிட்டான்" என்று சொன்னவனும் நான்தான். கூட்டத்தின் சத்தத்தில் அது உன் காதில் விழவில்லை. பெரிய தெருவில் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "மரியாத தெரிஞ்ச புள்ள. நல்லா வளத்துக்கீற" என்றார். ஏழுமலை, அந்தப் பாராட்டு அன்றைக்கு எனக்கு இனித்தது. நீ ஜெயித்ததைவிட அது இனித்தது. இதைச் சொல்லும்போது மல்லிகா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா என்றேன்.

வீட்டுக்கு வந்து மாலையைக் கூரையில் செருகிவிட்டு நீ என்னைக் கேட்டாய். "யாரு எறக்கச் சொன்னது? மணியக்காரரா?" என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். மணியக்காரர் என்று சொன்னால் அந்த நிமிஷமே நீ கிளம்பியிருப்பாய், அடித்திருப்பாய், உன்னை மரத்தில் கட்டியிருப்பார்கள். நானேதான் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. யார் பெயரைச் சொன்னால் நீ கை ஓங்க மாட்டாய் என்று தேடினேன். ஒரே ஒரு பெயர்தான் கிடைத்தது. "தேவராசுதான் கண்ணக் காட்னாரு" என்றேன். "தேவாவா?" என்று கேட்டுவிட்டு நீ உட்கார்ந்துவிட்டாய். அவர் உனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அவர் உன் முதுகுக்குப் பின்னால் பேசவில்லை. அன்றைக்கு அந்தத் தெருவில் நீ ஓட்டிக்கொண்டு வர வேண்டும் என்று நினைத்த ஒரே மனுஷன் அவர்தான். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து உனக்கு இருந்த ஒரே சிநேகிதனை நான் பிடுங்கிக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலையில் நீ அவர் சைக்கிளுக்கு மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் மறுபடி பொருத்தி, துடைத்து, எண்ணெய் விட்டு, கடை வாசலில் நிறுத்திவிட்டு வந்துவிட்டாய். அவர் இரண்டு தடவை காலனிக்கே தேடி வந்தார், நீ பின்பக்கமாகப் போய்விட்டாய். ஆடியில் அம்பத்தூர் பஸ் ஏறினாய். ஐப்பசி மழையில் ஏரி நிறைந்து, பாதை தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. அடுத்த கோடையில் தண்ணீர் வற்றியபோது வளைவெல்லாம் கரைந்து சேறாகக் கிடந்தது. தேவராசு வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுபடி போடவில்லை. அதற்கடுத்த வருஷமும் போடவில்லை.

நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் நாளைக்குப் பிறக்கப் போகிற பிள்ளையிடமும் நீ பொய் சொல்ல மாட்டாய் என்று எனக்குத் தெரியும், நீ என்னைப் போல இல்லை. ஆனாலும் தகப்பன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். பயம் வந்தால் பயமாக இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிடு. நான் என் பயத்துக்குப் புத்தி என்று பெயர் வைத்தேன், மரியாதை என்று பெயர் வைத்தேன், உங்கள் நல்லதுக்கு என்று பெயர் வைத்தேன். மல்லிகாவை எட்டாவதோடு நிறுத்தியதும் அப்படித்தான். உத்திரமேரூர் ஹைஸ்கூலுக்குப் போய்வர தேவராசு பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றைச் சரிபண்ணித் தருகிறேன் என்று சொன்னார். பெண் பிள்ளைக்கு இதற்கு மேல் படிப்பு எதற்கு என்று நான் சொல்லிவிட்டேன். உண்மை அது இல்லை. தினமும் இரண்டு வேளை என் மகள் அந்த முனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதை என்னால் பார்க்க முடியாது. இறங்காமல் போனால் அதையும் பார்க்க முடியாது. இதை எழுத மாட்டேன் என்று பேனாவை மூடிவிட்டாள். எதையும் எதிர்த்துப் பேசத் தெரியாதவள். கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தாள். "அதுக்கோசரம்தானா நைனா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு எழுதினாள்.

இந்த வருஷம் ஏரி சீக்கிரமே வற்றிவிட்டது. இப்போது தலையெடுத்திருக்கிற பிள்ளைகள் எல்லாம் தேவராசுவைப் போய்ப் பிடித்துக்கொண்டார்கள். மறுபடி வண்டல் வெட்டி, மறுபடி பரம்பு ஓட்டி, பாதை முன்னைவிட நன்றாக வந்திருக்கிறது. நம் காலனியிலிருந்து மட்டும் ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் தேவராசு நம் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டால் வருவார், நான்தான் கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடி ஒரு தாளை நீட்டினார். "ஊர்க் கூட்டத்துல தண்டோராவுக்கு எழுதிக் குடுத்துக்கீறாங்க. இதுல கீறபடியே சொல்லணுமாம். நான் எவ்ளோவோ பேசிப் பாத்தேன். இதுக்கு ஒத்துக்கலன்னா ஏரிக்குள்ள ஓட்டவே வுட மாட்டாங்களாம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு அப்போது புரியவில்லை. போகத் திரும்பியவர் நின்று, "ஏழுமல எப்டி கீறான்? இன்னும் எம்மேல கோவமா?" என்று கேட்டார். நான் தாளை மடித்து இடுப்பில் செருகினேன். "கோவமா இருக்கட்டும். நான் இன்னா பண்ணேன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. அஞ்சு வருசமா யோசிக்கிறேன், ஒண்ணும் தெரியல" என்றார். ஊரில் என்னை நீங்க என்று சொல்கிற ஒரே ஆள் அவர்.

மறுநாள் காலையில் மல்லிகாவிடம் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்தாள். ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்குள், சைக்கிள் பந்தயம், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஜெயிப்பவருக்குப் பரிசு உண்டு. அவ்வளவுதான். படித்து முடித்தும் தாளைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னாம்மா?" என்றேன். "ஒரு வரி கொறையுது நைனா" என்றாள். போன தடவை அவள் கையால் அத்தனை நோட்டுத் தாளில் எழுதிய வரி அல்லவா, அவளுக்கு மறக்குமா. நான் தமுக்கை எடுத்து வெயிலில் காய வைத்தேன். அன்றைக்கே உன் கார்டும் வந்தது.

முந்தாநாள் போனேன். பிள்ளையார் கோயில் முனையில், ஐந்து வருஷத்துக்கு முன்னால் உன் ஹேண்டில்பாரைப் பிடித்த அதே இடத்தில் நின்று அடித்தேன். பெண்கள் குடத்தோடு நின்றார்கள். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி, கடைசியில், "யாரு ஜெயிச்சாலும் மால போட்டு சைக்கிள்லயே நாலு தெருவும் சுத்திக் கூட்டிக்கினு வருவாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லையோ என்று தோன்றியது, இன்னொரு தடவை அடித்து இன்னொரு தடவை சொன்னேன். நாலு தெருவிலும் அப்படியே சொன்னேன். சாயங்காலம் ஊர்க் கூட்டத்திலிருந்து ஒரு ஆள் வந்தான். "நாளைக்கி காலைல வந்து மாத்திப் போட்டுடு. தாள்ல இல்லாதத நீயா எப்டி சொல்லுவ? அடுத்த அறுப்புக்குக் களத்துக்கு வர வேணாமா?" என்று கேட்டான். "கை வரலப்பா" என்றேன். "கைக்கு இன்னா?" என்றான். "தமுக்குக்கு வரல" என்றேன். அவன் போய்விட்டான். உங்கம்மா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பகல் வெளிச்சம் இருக்கும்போதே தாழ் போட்டாள்.

நேற்றுத் தேவராசு கடைக்குப் போனேன். ஒரு வீலைப் போட்டுக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், உனக்குச் சொன்ன பொய்யையும் அவருக்குச் சொன்ன பொய்யையும். அவர் வீலைச் சுற்றிவிட்டு, அது நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கம்பியை முடுக்கினார். திட்டுவார் என்று நினைத்தேன். "அஞ்சு வருசம்" என்றார், அவ்வளவுதான். நான் கிளம்பும்போது, "அவன் அட்ரஸ் குடுங்க" என்றார். உன்னைக் கேட்காமல் தர மாட்டேன் என்றேன். அதற்கும் அவர் கோபப்படவில்லை. "பந்தயத்த நிறுத்திடுவாங்களா சின்னய்யா?" என்று கேட்டேன். சிரித்தார். "எப்டி நிறுத்துவாங்க? தமுக்கடிச்சாச்சே" என்றார். அவர் சிரித்தாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஒன்பது பிள்ளைகளில் யாராவது ஜெயித்தால் அந்த முனையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் தாய் தகப்பன் என் வீட்டு வாசலில் வந்து நின்று, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கிற நாள் வரலாம். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் இந்தத் தடவை அது என்ன என்று நடந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நடப்பதற்கு முன்னால் நான் கை நீட்ட மாட்டேன்.

கல்யாணத்துக்கு நாங்கள் மூன்று பேரும் முந்தின நாளே வந்துவிடுவோம். நீ இந்தத் தாளையெல்லாம் படித்த பிறகும் என்னை வரச் சொன்னால் வருகிறேன், இல்லையென்றால் உங்கம்மாவும் மல்லிகாவும் வருவார்கள். தேவராசுக்கு அட்ரஸ் தரலாமா வேண்டாமா என்று ஒரு கார்டு போடு. பந்தயம் வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு. வா என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, வராதே என்று இனிமேல் சொல்லவும் மாட்டேன். இன்று காலையிலும் ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனான். மாற்றித் தண்டோரா போட வேண்டுமென்றால் அதற்கு என் கை வேண்டும். இந்த ஊரில் வேறு கை கிடையாது. அந்தக் கையின் ரேகையைத்தான் கீழே, மல்லிகா காட்டுகிற இடத்தில் வைக்கிறேன்.

உன் நைனா